ஒரே பெயரில் இரண்டு வைஃபை

ரோங்காயிலிருந்து டவுனுக்குப் போகும் ரூட்டில் பிரேக் பிடிக்காத வண்டியில்கூட ஜனம் ஏறும், நெட் பிடிக்காத வண்டியில் ஏறாது. கேலி இல்லை, காலையில் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் தெரியும். காலேஜ் பிள்ளைகள் கையில் போனோடு நிற்பார்கள். மட்டாட்டு என்கிற தனியார் பஸ் வந்து நிற்கும். டயர் மொட்டையா, டிரைவர் கண் சிவந்திருக்கிறதா என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். போனில் வைஃபை பிடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஈயை விரட்டுவதுபோல் ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ரூட்டில் முரிமியின் வண்டியில் நெட் வரவில்லை. வண்டியின் பெயர் கிம்புங்கா, அதாவது சூறாவளி. இரண்டு பக்கமும் கூலிங்கிளாஸ் போட்ட சிங்கம், உள்ளே ஊதா விளக்கு, காது கிழியும் ஸ்பீக்கர் என்று சகலமும் உண்டு. நெட் மட்டும் இல்லை.

வேறு நேரமாக இருந்தால் முரிமி இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டிருக்க மாட்டான். முதலாளியம்மா மம்மா கெரூபோ புது பஸ் ஒன்று கட்டிக்கொண்டிருந்தாள். பாடி வேலை முடிந்து பெயின்ட் அடிக்கும் கட்டம். அவளிடம் ஏற்கெனவே இருந்தது இரண்டு வண்டி: முரிமி ஓட்டும் கிம்புங்கா, பராசா ஓட்டும் ராடி. புது வண்டியின் ஸ்டீயரிங் இந்த இருவரில் ஒருவனுக்கு. முரிமிக்குக் கிம்புங்காவின் கிளட்சை மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. புது வண்டி தனக்குத்தான் என்று பெண்டாட்டியிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தான். அவள் அதைச் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி, வாழ்த்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி அந்த வண்டி பராசாவுக்குப் போனால் முரிமி எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுவான்?

மம்மா கெரூபோ தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்டாசிப் பணியாரத்தை டீயில் முக்கியபடி சொன்னாள்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓட்டுறீங்க, ரெண்டு பேரும் நல்லாத்தான் பொய் சொல்றீங்க. நான் எதை வச்சுடா பிரிச்சுப் பார்க்குறது? சனிக்கிழமை நானே ஏறுவேன். போகும்போது ராடி, வரும்போது கிம்புங்கா. பெயின்டர்கூட வீடியோவுல பேசிக்கிட்டே வருவேன். எவன் வண்டில நெட்டு அறுந்து போகாம வருதோ, அவனுக்குத்தான் புது வண்டி."

"சரி மம்மா" என்றார்கள் இருவரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

நெட் கெட்டதே அந்த அம்மாளின் சிக்கனத்தால்தான். முன்பு பஸ்ஸில் இருந்த வைஃபை பெட்டி சிம் டேட்டாவில் மட்டும் ஓடியது. வண்டி ஷெட்டில் நிற்கும்போது கழுவுகிற ஆட்களும் கண்டக்டர்களும் அதில் கால்பந்து பார்த்துத் தீர்த்தார்கள். மம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஷெட் கம்பத்தில் ஒரு வைஃபை மாட்டி, பஸ்களில் புதுப் பெட்டி வைத்தாள். வண்டி ஷெட்டில் நிற்கும்வரை பெட்டி கம்பத்து வைஃபையைக் குடிக்கும். வாசலைத் தாண்டிக் கம்பம் எட்டாமல் போனதும், தானே சிம்முக்குத் தாவிக்கொள்ளும். கம்பத்து வைஃபைக்கு வைத்த பெயர் கெரூபோ. பஸ்ஸுக்குள் பயணிகளுக்குக் கொடுக்கும் வைஃபைக்கும் அதே கெரூபோ, அதே பாஸ்வேர்டு, இரண்டு பஸ்ஸிலும். ஒருதரம் சேர்ந்த போன் தன் எந்த வண்டியைக் கண்டாலும் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும், ரோங்காயில் எல்லாப் போனிலும் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நல்ல ஆசைதான், யார் குறை சொல்ல முடியும்?

பெட்டியைப் பார்க்க மும்புவா வந்தாள். மும்புவாவுக்கு டவுனில் சின்னக் கடை. இந்த ரூட்டில் பாதி வண்டிகளுக்கு அவள்தான் வைஃபை பார்ப்பாள். முதல் நாள் கிம்புங்காவை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னாள். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பெட்டியில் பச்சை விளக்கு கண்ணடித்தது, சிம்முக்குத் தாவிவிட்டது. திரும்பி வந்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டது. தங்கம் மாதிரி வேலை செய்தது.

"நல்லாத்தானேண்ணே இருக்கு?" என்றாள்.

"உனக்கு நல்லா இருக்கு. எனக்கு இல்லையே!" என்றான் முரிமி. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா மட்டும் காய்ச்சல் விட்டுப்போற பிள்ளை மாதிரி பண்ணுது இது."

பெட்டியை மாற்றினாள். கூரைமேல் இருந்த ஆன்டெனாக் கொம்பை மாற்றினாள். சிம்மை எடுத்துத் துடைத்துப் போட்டாள். தனியாக ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. மறுநாள் ஜனத்தோடு கிளம்பினால் செத்தது. முரிமியின் கண்டக்டர் ஒயூகி, பெட்டிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, அதன்மேல் ஒரு சிலுவையை ஒட்டினான். அதற்கும் பெட்டி மசியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மும்புவா கடையைப் பூட்டிவிட்டு, பயணியாகவே கிம்புங்காவில் ஏறி டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப். ஷெட் வாசலிலிருந்து கிம்புங்காவும் ராடியும் வழக்கம்போல் ஒன்றாகக் கிளம்பின. ஒன்றாக என்றால், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. ஒருவன் முந்திப் போய் நிறுத்தத்தில் நின்றால் பின்னால் வருபவனுக்கு ஆள் மிஞ்சாது. ஆகவே முரிமியும் பராசாவும் டவுன் வரை கண்ணாடியோடு கண்ணாடி உரச ஓட்டுவார்கள். வண்டிக்குள் ஜனம் "மிதி! மிதி!" என்று கூரையைத் தட்டும். திட்டிக்கொண்டே ரசிக்கும் ஜனம் அது.

போமாஸ் தாண்டும்போது மும்புவா நிமிர்ந்தாள்.

"அண்ணே, இது சிம்முல இல்ல. இன்னும் கெரூபோ வைஃபையிலதான் இருக்கு. சிக்னல் முழுசா காட்டுது."

"கம்பம் ஷெட்டுலல்ல இருக்கு? இங்க ஏது கம்பம்?"

மும்புவா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ராடி. அதன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பராசா, எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்தபடி. ராடியின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'இலவச வைஃபை: கெரூபோ' என்று எழுதியிருந்தது. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நாசமாப் போச்சு. இந்தப் பெட்டி மலிவுச் சரக்குண்ணே. பேரை மட்டும்தான் பார்க்கும். கெரூபோன்னு பேர் இருந்தா, ஆகா கம்பம் இன்னும் பக்கத்துலதான் இருக்குன்னு பிடிச்சுக்கும். கயிறு கையில இருந்தா போதும், வாளியில தண்ணி வருதான்னு பார்க்காது. உங்க பெட்டி அவரோட பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அவரோட பெட்டி உங்களைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அவன்கிட்ட நெட்டு இருக்கும்னு இவன், இவன்கிட்ட இருக்கும்னு அவன். ரெண்டும் சிம்முக்குப் போகவே போகாது."

"நான் தனியா ஓட்டுனா?"

"பக்கத்துல அவர் இல்லைன்னா சரியாயிடும். அதான் நான் பார்க்கும்போதெல்லாம் நல்லா இருந்துச்சு."

முரிமிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பராசாவோடு அவன் பேசி எவ்வளவோ காலமாயிற்று. பேச்சு விட்டவனுடைய வண்டியோடு தன் வண்டி இப்படி ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறதே!

"என் பெட்டியில அந்தக் கம்பத்தையே அழிச்சுடு."

"அப்போ ஷெட்டுலயும் சிம்முலதான் ஓடும். பில்லு வந்தா மம்மா என் தோலை உரிச்சுடுவாங்க. வழி சுலபம்ணே. அவர் பஸ்ஸோட வைஃபை பேரை மாத்தினா உங்களோடது சரியாகும். உங்க பஸ்ஸோட பேரை மாத்தினா அவரோடது சரியாகும். ரெண்டையும் மாத்திட்டா ரெண்டு பேருக்கும் தொல்லை விட்டுது."

முரிமி இதை மனசுக்குள் மெதுவாக உருட்டிப் பார்த்தான். தன் வியாதிக்கு மருந்து பராசாவின் வண்டியில். பராசாவின் வியாதிக்கு மருந்து தன் வண்டியில். இரண்டு மருந்தையும் கொடுத்துவிட்டால் சனிக்கிழமை இரண்டு வண்டியிலும் நெட் வரும். அப்புறம் மம்மா எதை வைத்துப் பிரிப்பாள்? ஒரு மருந்தைக் கொடுத்து, ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டால்?

"அவன் பேரை மட்டும் மாத்தினா என்னாகும்?"

"உங்களோடது ஜம்முனு சிம்முக்குத் தாவிடும். அவரோடது பழையபடி உங்களையே பிடிச்சுக்கிட்டு வரும். ஆனா..."

"போதும் போதும், புரிஞ்சுடுச்சு. நீ எனக்குப் பாடம் நடத்தாதே தங்கச்சி. முதல்ல ராடியை முடி. என்னுதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"இல்லண்ணே, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"ஏய், முன்னாடி போலீசு. வாயை மூடிட்டு உட்காரு."

முன்னால் போலீசும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்று மாலை மும்புவா ராடிக்குள் ஏறினாள். பராசா மறுப்புச் சொல்லவில்லை. "என்னவோ பண்ணும்மா, உயிர் வந்தா சரி" என்றான். ராடியின் வைஃபைக்கு ராடி என்றே புதுப் பெயர் வைத்துவிட்டு இறங்கி, கிம்புங்காவைத் தேடினாள். அது அங்கே இல்லை. டீசல் போடப் போயிருப்பதாக ஒயூகி சொன்னான். டீசல் போடப் போன முரிமி, அவள் கடைசி வண்டி பிடித்து டவுனுக்குப் போகும்வரை டீசல் போட்டுக்கொண்டே இருந்தான்.

சனிக்கிழமை காலை மம்மா கெரூபோ சர்ச்சுக்குப் போகும் பச்சைத் தொப்பியோடு வந்தாள். கையில் பெரிய டேப்லெட். ராடியில் கடைசி வரிசையில் நடு சீட்டைப் பிடித்து உட்கார்ந்தாள். முரிமிக்குக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. ராடியின் பின்கண்ணாடி வழியாக அந்தத் தொப்பி அவனுக்கு நன்றாகத் தெரியும்.

திட்டம் எளிது. ராடி தன்னைப் பிடித்துக்கொண்டு சாகவேண்டும் என்றால், தான் அதன் பக்கத்திலேயே இருக்கவேண்டும். முந்தினால் தூரம் விழுந்துவிடும், பராசாவின் பெட்டி தன் சிம்முக்குத் தாவிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே முந்தக் கூடாது. வாழ்நாளில் ஒருவனுக்கும் வழிவிடாத முரிமி, அன்று ராடியின் வாலைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பின்னால் போகும் புதுப்பெண்போல் போனான்.

கிம்புங்காவில் நெட் பளிச்சென்று வந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி கலேரியா வரைக்கும்தான்.

"டிரைவர், தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"பிரேதம் ஏத்திட்டுப் போற வண்டில நாம தெரியாம ஏறிட்டோம்" என்றான் இன்னொருவன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற ஜனத்தை ராடி வாரிக்கொண்டு போனது. கிம்புங்காவுக்கு மிஞ்சியது சோளம் சுட்டு விற்கிறவள் மட்டும், அவளும் ஏறவில்லை. ஒயூகி கதவில் தொங்கியபடி முரிமியை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் வேணா ஸ்டீயரிங்கைப் பிடிக்கட்டுமா?"

"உன் வேலையைப் பாருடா."

லங்காட்டா ரோட்டில் வலது பக்கம் வெறிச்சென்று கிடந்தது. மிதித்தால் பராசா தூசி தின்பான். முரிமியின் கால் தானாக மிதிக்கப் போனது. அதைத் தன் கையாலேயே முழங்காலில் பிடித்து நிறுத்தினான். பல் கடித்துக்கொண்டு எதிரே பார்த்தான். பச்சைத் தொப்பி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. மம்மா டேப்லெட் முன்னால் கையை வீசி வீசி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகா, திட்டுகிறாள்! நெட் செத்துவிட்டது, பராசாவின் கதையும் முடிந்தது. முரிமிக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி ஓட்டினான்.

டவுனுக்குள் வந்து, முன்னால் மம்மா டேப்லெட்டை மூடிவிட்டு எழுந்த பிறகு, அவன் வண்டியில் யாரோ "நெட்டு போச்சு" என்றார்கள். முரிமி காதில் வாங்கவில்லை. ராடியில் போயிருப்பதுதான் முக்கியம். இங்கே போனால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும்.

டவுன் நிறுத்தத்தில் மம்மா கெரூபோ இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னமோ போங்கடா, பெயின்டர் பக்கத்துல உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்துச்சு! அங்க நீலத்தைப் பூசு, இங்க மஞ்சளை இழுன்னு கை காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒரு தரம்கூட அறுந்து போகலை. பராசா, அசத்திட்டே!"

முரிமி ஸ்டீயரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, இன்னும் ஒரு பாதி இருக்கிறது, தன் வண்டியிலும் வந்தால் சரிசமம் என்று தேற்றிக்கொண்டான்.

திரும்பும்போது மம்மா கிம்புங்காவில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். முரிமி ராடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தான். டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்றியது. லங்காட்டாவில் சுற்றியது. போமாஸில் சுற்றியது. மம்மா அதைத் தட்டினாள், சட்டையில் துடைத்தாள், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ரோங்காய் வந்தபோது மூடிப் பையில் போட்டுவிட்டாள். திட்டியிருந்தாலாவது முரிமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பராசா வண்டியில எப்படி வந்துச்சு, அதைக் கேட்டுக் கத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஷெட்டில் மும்புவா காத்திருந்தாள். நேற்று விட்ட வேலையை முடிக்க வந்தவள். கிம்புங்காவில் ஏறிப் பெட்டியோடு லேப்டாப்பைச் செருகினாள். ஒயூகி ஒட்டிய சிலுவையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, நெடுநேரம் பார்த்தாள்.

"என்னண்ணே பண்ணீங்க? இன்னைக்குப் போட்ட டேட்டா காலையிலயே காலி. பாதிக்கு மேல ஒரே ஆள் இழுத்திருக்கான்."

"யாரு?"

"ராடி. அதான் நேத்து படிச்சுப் படிச்சுச் சொல்ல வந்தேன், நீங்க போலீசு வருதுன்னீங்க. முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் நெட்டு இல்ல, அதனால ரெண்டும் செத்துச்சு. இப்போ நீங்க சிம்முக்குப் போயிட்டீங்க, உங்ககிட்ட நெட்டு இருக்கு. அவரோட பெட்டி உங்களைப் பிடிச்சிருந்தா உங்க நெட்டுல ஓடும். மம்மா பேசினது பூராவும் உங்க டேட்டாவுலதான்."

முரிமி சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். கடைசியாக ஒரு நப்பாசை பிடித்துக் கேட்டான்.

"நான் இல்லைன்னாலும் அவன் சிம்முல ஓடியிருக்கும்தானே? எப்படியும் அவனுக்கு வந்திருக்கும்தானே?"

"எங்கேர்ந்து வரும்? அவங்க கண்டக்டர் சிம்முக்கு டேட்டா போட்டே வாரக்கணக்காச்சாம். வராத நெட்டுக்கு எதுக்குன்னு அந்தக் காசுக்குப் பொரிச்ச மீன் வாங்கித் தின்னுருக்கான். இப்பதான் எங்கிட்ட வந்து, மம்மாகிட்ட சொல்லிடாதேன்னு அழுதுட்டுப் போறான். நீங்க என்னைக்கும் போல முந்திப் போயிருந்தா, வாசலைத் தாண்டின உடனே ராடியில நெட்டு செத்திருக்கும்."

என்றைக்கும் போல. மூலநோய்க்காரன்போல் நெளிந்து நெளிந்து பின்னால் போனதற்குப் பதில், பத்து வருஷமாகத் தினமும் செய்ததை இன்றும் செய்திருந்தால் போதும். மம்மாவிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? பராசாவின் நெட்டைக் கொல்லத்தான், மம்மா, அவன் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன், அது பிழைத்துவிட்டது என்றா?

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். பராசா. கையில் புது வண்டியின் சாவி, கண்ணில் தண்ணீர். பேச்சு விட்டுப் போன இத்தனை காலத்துக்குப் பிறகு, அவனே படியேறி வந்து முரிமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முரிமி, எனக்கு எல்லாம் தெரியும்டா."

முரிமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தெரியும்?"

"லங்காட்டால ரோடு காலியாக் கிடந்துச்சு. நீ நினைச்சிருந்தா என்னை அங்கேயே தாண்டியிருக்கலாம். நிறுத்தத்துல இருந்த ஆளுங்களைப் பூரா எனக்கே விட்டுக்கொடுத்தே. மம்மா முன்னாடி நான் ஜெயிக்கணும்னுதானே பொறுமையா என் பின்னாலயே வந்தே? என் கூடப் பொறந்தவன்கூட எனக்கு இதைச் செஞ்சதில்லடா. உன்னைப் போய் நான் என்னென்னவோ பேசியிருக்கேன், மன்னிச்சுடு."

மும்புவா லேப்டாப்பை மூடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கப் போனாள். முரிமி அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் முரிமி. "விடு."

"நாளைக்கு உன் சர்ச்சுக்கே வரேன். முரிமி எனக்கு என்ன செஞ்சான்னு அங்க எல்லாருக்கும் நானே எழுந்து நின்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பராசா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.